பஞ்சு ஊறும் பத்து நிமிடம்

1

என் கணவர் யூட் சிகரெட்டை விட்டு இரண்டு வருடம் நிறைந்ததற்குப் போன பங்குனியில் வீட்டில் கேக் வெட்டினோம். கேக் வாங்கி வந்தது மகள் டிலானி. மெழுகுதிரி கொளுத்தியதும் அவள்தான். முதல் துண்டை இவர் ஊட்டியதும் அவளுக்குத்தான். "இவள்தான் என்னைக் காப்பாத்தினவள்" என்று, வந்திருந்த நாலு பேருக்கு முன்னால் சொன்னார். நான் பேப்பர்த் தட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தேன்.

நேராகவே சொல்லிவிடுகிறேன், எனக்கு வயிறு எரிந்தது. இருபத்துநாலு வருடம் நான் படாத பாடு இல்லை. கெஞ்சினேன், சண்டை பிடித்தேன், அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்தேன். பனி கொட்டுகிற ஒரு தை மாதம் இவர் பல்கனியில் நின்று பத்திக்கொண்டிருக்கும்போது உள்ளே கதவைப் பூட்டிவிட்டுச் சமைக்கப் போயிருக்கிறேன். "உங்களில நாறுது" என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. மகள் ஒரே ஒரு நாள், காருக்குள், மூக்கைப் பொத்திக்கொண்டு, "பப்பா, த்சு ப்யூ" என்றாள். இவருக்கு விளங்கவில்லை. அர்த்தம் கேட்டார். "நாறுறீங்கள் அப்பா" என்றாள். அடுத்த மாதமே விட்டுவிட்டார்.

நான் தமிழில் சொன்னபோது விளங்காத அதே சொல், பிரெஞ்சிலிருந்து மொழிபெயர்த்து வந்தபோது விளங்கியிருக்கிறது. அன்றைக்குக் கேக் எனக்கு இனிக்கவில்லை.

2

ஊரில் இருந்து வாசிக்கிறவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். சிகரெட்டை விட்டவர் வேப்புக்கு மாறினார். வேப் என்பது கைக்குள் அடங்கும் ஒரு பற்றரி. அதன் மேல் சின்னக் கண்ணாடி ராங்க். ராங்குக்குள் நிக்கொற்றின் கலந்த தண்ணி. நடுவில் சுண்டுவிரல் நுனியளவில் ஓர் உலோகக் குழல், அதற்குள் சுருட்டிய கம்பி, கம்பியைச் சுற்றிப் பஞ்சு. அதைத்தான் கொயில் என்கிறார்கள். பொத்தானை அழுத்தினால் கம்பி சூடாகிப் பஞ்சில் இருக்கிற தண்ணி ஆவியாகும். இவர் அதை உறிஞ்சி ஜன்னல் பக்கம் ஊதுவார். எனக்குக் கொயில் என்றால் நுளம்புக் கொயில்தான் தெரியும்.

வாங்கினால் போதாது, அதைப் பராமரிக்க வேண்டும். ராங்கில் பழைய தண்ணி பிசுபிசுத்து நிற்கும், கொயில் கறுத்துக் கருகல் ருசி வரும். இவர் இங்கே கியூபெக்கில், டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்குகிறவர். அந்த விரல்களால் ஒரு றப்பர் வளையத்தைப் பிடித்துத் தவாளிப்புப் பள்ளத்தில் இருத்த ஏலாது. மகளோ பல் சுத்தம் செய்கிற படிப்புப் படிக்கிறவள், கழுவுவதும் துடைப்பதும் அவளுக்குப் பாடம். ஆகவே வேலை அவள் கைக்குப் போனது. எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை முதலில் கோயில், வந்தபிறகு கொயில்.

மேசையில் பேப்பர் விரிப்பார்கள். ராங்கைக் கழற்றி, வாய்வைக்கும் துண்டு, கண்ணாடி, அடித்தட்டு, வளையங்கள் என்று வரிசையாக வைப்பாள். வெதுவெதுப்பான தண்ணியில் அலசுவாள். கழற்றின கொயிலைக் கிண்ணத்தில் ஊறப்போடுவாள். ஊறியது ஒரு நாள் முழுக்கக் காய வேண்டும், அதனால் இரண்டு கொயில்களை மாறி மாறிப் பாவித்தார்கள். போன கிழமை கழுவிக் காயவைத்தது ஒரு சின்ன டப்பாவில் இருக்கும், அதைப் பூட்டுவாள். இரண்டு மூன்று தரம் கழுவினபிறகு எறிந்துவிட்டுப் புதிது.

எல்லாம் பூட்டித் தண்ணி விட்டபிறகு இரண்டு பேரும் பத்து நிமிடம் சும்மா இருப்பார்கள். ராங்க் மேசை நடுவில் நிற்கும். அவர்கள் கதைப்பார்கள். வேப் கடையில் கேட்டுப் பழகிய சொற்கள் எல்லாம் பிரெஞ்சு என்பதால் அவள் பிரெஞ்சில் தொடங்குவாள். இவர் பெட்டி ஏற்றுமிடத்தில் பொறுக்கின பிரெஞ்சில் பதில் சொல்வார். அவள் திருத்துவாள். பிறகு சிரிப்பு. நான் மீன் வெட்டிக்கொண்டு நிற்பேன். என்ன சிரிப்பு என்று கேட்டால், "ஒண்டுமில்ல அம்மா" என்பாள். ஒரு கிழமையில் அவள் எனக்குச் சொல்கிற சொற்களை விட அந்தப் பத்து நிமிடத்தில் அவருக்குச் சொல்கிறவை கூட. எனக்குக் கிடைப்பது "ஓகே", "பேந்து", "தெரியும்". மீனின் தலையை வேண்டியதை விடப் பலமாகத்தான் வெட்டியிருக்கிறேன்.

3

வைகாசியில் ஒரு நாள் ஃபிரிட்ஜ் கதவில் மகள் சாமான் துண்டு ஒன்று ஒட்டியிருந்தாள். பால், முட்டை, அதற்குக் கீழே இன்னொரு சொல். எழுத்துக்கூட்டி வாசித்தேன். ஜொயின்ற், நாலு. ஆங்கிலத்தில் கஞ்சாச் சுருட்டு. இந்த நாட்டில் கஞ்சாவை அரசாங்கமே கடை போட்டு விற்கிறது. அப்பனும் மகளும் பத்து நிமிடம் இருந்து சிரிக்கிற காரணம் இதுதானா என்று எனக்குத் தலை சுற்றியது. இவர் வேலையால் வந்து சப்பாத்துக் கழற்ற முன்னமே தொடங்கிவிட்டேன். மகள் அறைக்குள்ளிருந்து ஓடிவந்து துண்டை வாங்கிப் பார்த்தாள்.

"அம்மா, உது ஜுவான். ராங்குக்குப் போடுற றப்பர் வளையம்."

"ஜொயின்ற் எண்டெல்லோ கிடக்கு?"

"பிரெஞ்சில அப்பிடித்தான் எழுதுறது."

இருவரும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அதற்குப் பிறகு ஒரு மாதம், ஊறுகாய்ப் போத்தல் மூடி இறுகாவிட்டாலும், "அம்மாவிட்டக் கேளுங்கோ, அவவிட்ட ஜுவான் இருக்கும்" என்று பகிடி. எனக்குக் கோபத்தில் கண் கலங்கியது. அந்தக் கோபத்திலேயே அரசாங்கத்தின் இலவசப் பிரெஞ்சு வகுப்புக்கு விண்ணப்பித்தேன்.

விண்ணப்பம் என்பது ஒரு பெரிய கூத்து. முதலில் கணினியில் ஒரு கணக்குத் திறக்க வேண்டும், அதற்கு ஒரு குறியீடு தபாலில் வரும். வந்த குறியீட்டை அடித்தால் காலம் முடிந்துவிட்டது என்றது. மூன்றாம் தரம் சரிவந்து ஒரு பெண் தொலைபேசியில் எடுத்தாள். கியூபெக்குக்கு வந்து எத்தனை வருடம் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். இருபத்துமூன்று என்றேன். இரண்டு மூன்றா என்று கேட்டாள். இல்லை, இருபத்துமூன்று என்றேன். இலக்கங்களை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டாள்.

நான் என்ன செய்வது? சென்ட் லோரன்டில் மருந்துத் தொழிற்சாலை ஒன்றில் பெட்டி அடைக்கிற வரிசையில் நிற்கிறேன். எனக்கு ஒரு பக்கத்தில் மன்னார் அக்கா, மற்றப் பக்கத்தில் பிலிப்பைன்ஸ்காரி. வணக்கத்துக்குப் பொஞ்சூரும் நன்றிக்கு மெர்சியும் போதுமாக இருந்தது. பிள்ளைக்குச் சுகமில்லை என்றால் மொழிபெயர்க்கப் பிள்ளையே கூட வந்தாள்.

எதற்காகப் படிக்க விரும்புகிறீர்கள் என்று ஐந்து பெட்டிகள் போட்டிருந்தார்கள். வேலை, குடியுரிமை, பிள்ளைகளின் கல்வி என்று போனது. புருசனும் மகளும் கதைக்கிறதை ஒட்டுக்கேட்க என்று ஒரு பெட்டி இல்லை. பிள்ளைகளின் கல்வி என்பதில் அடையாளம் போட்டேன். பிள்ளைக்கு இருபத்தொரு வயது.

4

புரட்டாதியில் இடம் கிடைத்தது. சனிக்கிழமை காலை, முதலாம் நிலை. ஆசிரியை மெலிந்த, கண்ணாடி போட்ட ஒரு கியூபெக்காரி, பொறுமை என்றால் அப்படியொரு பொறுமை. எனக்கு இடப்பக்கம் கொலம்பியாவிலிருந்து வந்த ஒரு பெண், வலப்பக்கம் ஈரானிலிருந்து வந்த ஒரு பல் டொக்டர்.

நான் ஒரு கள்ள வழி கண்டுபிடித்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சமையலறையில் நின்று காதில் விழுகிற சொற்களைக் கொப்பியில் தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்வேன். கழற்றுவதற்கு ஒன்று, அலசுவதற்கு ஒன்று. மகள் கொயிலைக் கிண்ணத்தில் போடும்போது சொல்கிற சொல்லை "துரோம்பே" என்று எழுதினேன். பக்கத்தில் "ஊறப்போடுதல்" என்று குறித்துக்கொண்டேன்.

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை, ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டில் என்ன நடக்கும் என்று ஆளாளுக்கு நாலு வசனம் சொல்லச் சொன்னாள் ஆசிரியை. எனக்கு அதைவிட நன்றாகத் தெரிந்த விசயம் உலகத்தில் இல்லை. எழுந்து நின்று சொன்னேன்.

"லு திமான்ஷ், மொன் மரி துரோம்ப். துஜூர். தான் லா குயிசின். முவா, ஜு ரகார்த்."

ஞாயிற்றுக்கிழமை என் கணவர் ஊறப்போடுகிறார், எப்போதும், சமையலறையில், நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். செய்வது மகள் என்றாலும், அவளையும் சேர்த்தால் வசனம் நீண்டு பிழைத்துவிடும் என்று விட்டுவிட்டேன். நாலு வசனமும் பிழையில்லாமல் வந்த சந்தோசத்தில் இருந்தேன். கொலம்பியாக்காரி மேசைக்குக் கீழே என் கையைப் பிடித்தாள். ஈரான்காரி தன்னுடைய பிஸ்கட் பெட்டியை அப்படியே என் பக்கம் தள்ளினாள். நல்லாகப் பேசினதற்குப் பாராட்டு என்று நினைத்து இரண்டு பிஸ்கட் எடுத்தேன்.

இடைவேளையில் ஆசிரியை என்னை ஓரமாகக் கூப்பிட்டு ஒரு மடித்த தாள் தந்தாள். ஊதாப் பூப் போட்டு, கீழே ஒரு தொலைபேசி எண். என் தோளில் கை வைத்து, நீங்கள் தனியாக இல்லை என்று மெதுவாகச் சொன்னாள். அந்த வசனம் எனக்கு முழுக்க விளங்கியது. பிரெஞ்சில் கஷ்டப்படுகிறவர்களுக்கு மேலதிக வகுப்பு போல என்று நினைத்தேன். மெர்சி சொல்லிக் கொண்டுவந்து ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினேன்.

5

பின்னேரம் மகள் பால் எடுக்க வந்தவள் ஃபிரிட்ஜுக்கு முன்னால் அப்படியே நின்றாள்.

"அம்மா, உது ஆர் தந்தது?"

"ரீச்சர் தந்தவ. நான் தனியா இல்லையாம்."

"நீங்கள் அவவிட்ட என்ன சொன்னனீங்கள்?"

"வீட்டில நடக்கிறதைத்தான் சொன்னனான்."

"அப்பாவைப் பற்றியோ?"

"கொப்பரைப் பற்றித்தான். வேற ஆரைப் பற்றி? ஒவ்வொரு ஞாயிறும் பாத்துக்கொண்டு நிக்கிறது நானெல்லோ."

அவள் முகம் வெளுத்தது. தாளை மெதுவாகக் கழற்றி மடித்துத் தன் பைக்குள் வைத்தாள். பிறகு பின்னால் வந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். கடைசியாக எப்போது அப்படிப் பிடித்தாள் என்று எனக்கு ஞாபகம் இல்லை. கையில் மீன் நாற்றம், திரும்பிப் பிடிக்கவும் முடியாமல் நின்றேன்.

அடுத்த நாள் இவர் பேப்பரை விரித்துக் காத்திருந்தார். மகள் சோதனைக்குப் படிக்க வேண்டும் என்று கதவைச் சாத்தினாள். இவர் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் பேப்பரை மடித்தார். எனக்குள் ஒரு சின்னச் சந்தோசம் எட்டிப் பார்த்தது உண்மை.

அந்தக் கிழமை முழுக்க மகள் புது ஆளாக இருந்தாள். நான் வேலையால் வரத் தேத்தண்ணி வைத்துத் தந்தாள். பக்கத்தில் வந்து இருந்தாள். தமிழில் கதைத்தாள், சொல் வராத இடத்தில் நின்று யோசித்துத் தமிழையே தேடினாள். எனக்கு ஏன் என்று விளங்கவில்லை. கேட்கவும் பயம், கேட்டால் நின்றுவிடுமோ என்று.

6

அடுத்த சனிக்கிழமை ஆசிரியை என்னைத் தனியே பிடித்து, அந்த எண்ணுக்கு எடுத்தீர்களா என்று கேட்டாள். மேலதிக வகுப்புக்கு எனக்கு நேரம் இல்லை என்றேன். அவள் திகைத்துவிட்டு ஆங்கிலத்துக்கு மாறினாள். வீட்டில் துன்பப்படுகிற பெண்களுக்கான எண் அது, உங்கள் கணவருக்கு வேறு பெண்ணோடு தொடர்பு என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்றாள்.

நான் கையால் ராங்கைக் கழற்றிக் காட்டி, கிண்ணத்தில் போட்டுக் காட்டி, ஊதியும் காட்டினேன். அவளுக்கு விளங்கியபோது சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். கரும்பலகையில் இரண்டு சொற்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதினாள். ஊறப்போடுவதற்கு நடுவில் ஈ எழுத்து, ஏமாற்றுவதற்கு அதே இடத்தில் ஓ. பாக்கி எல்லாம் ஒன்றுதான். என் கொப்பியில் இரண்டுமே துரோம்பே. நான் எழுதி வைத்திருந்தது துரோகத்தைத்தான், முதல் எழுத்துக்கூட அதுதான்.

மற்றவர்களும் வந்து கேட்டதும் வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் மகளின் முகம் நினைவுக்கு வந்தது. தேத்தண்ணி, பக்கத்தில் இருந்தது, கட்டிப்பிடித்தது, எல்லாவற்றுக்கும் காரணம் தெரிந்தது. தன் அப்பா என்னைத் துன்பப்படுத்துகிறார் என்று அவள் நம்பிக்கொண்டிருக்கிறாள்.

வீட்டுக்குப் போனதும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இறங்கினேன். கதவைத் திறந்தால் மகள் சப்பாத்துப் போட்டுக்கொண்டு நிற்கிறாள்.

"அம்மா, நாளைக்குக் கோயில் முடிய நானும் நீங்களும் டவுன்டவுன் போவம். உங்களுக்குச் சப்பாத்து வாங்கோணும். அப்பா தனிய வீட்டை வரட்டும்."

பிறகு குரலைத் தாழ்த்தி, "நான் அப்பாவோட கதைக்கட்டோ?" என்றாள்.

"வேண்டாம் பிள்ளை, விடு" என்றேன்.

இதை எழுதும்போதும் என் முகம் சுடுகிறது. அது வாய் தடுமாறி வந்த சொல் இல்லை. நன்றாகத் தெரிந்து, யோசித்துச் சொன்னது.

ஞாயிற்றுக்கிழமை மெட்ரோவில் போனோம். பனிச் சப்பாத்து வாங்கினோம். ஒரு கோப்பிக் கடையில் ஜன்னலோரம் இருந்து அவள் ஒரு விசயம் சொன்னாள். எட்டு வயதில், பள்ளிக்கூடத்தில் பெற்றோர் சந்திப்புக்கு நான் வந்தபோது, தன் சிநேகிதிகளிடம் என்னைப் பக்கத்து வீட்டு அன்ரி என்று சொன்னாளாம். எனக்குப் பிரெஞ்சு தெரியாதது அவளுக்கு வெட்கமாக இருந்ததாம்.

"இவ்வளவு நாளும் சொல்லேலாமல் இருந்தது. சொறி அம்மா."

பதின்மூன்று வருடம் அவள் வைத்திருந்த சொல்லை எனக்குத் தந்தாள். நான் ஒரு பொய்யின் மேல் இருந்துகொண்டு அதை வாங்கினேன். அழுதேன், அவளும் அழுதாள். அன்றைக்கு இந்த நகரத்தில் என்னை விடச் சந்தோசமான தாய் இருந்திருக்க மாட்டாள். எனக்கு இருந்த ஒரே கவலை, உண்மை தெரிந்தால் அவள் திரும்பவும் அந்த மேசைக்குப் போய்விடுவாளே என்பதுதான்.

7

இவர் நாளுக்கு நாள் சுருங்கிப்போனார். மகள் ஏன் முகம் கொடுக்கவில்லை என்று அவருக்குத் தெரியவில்லை. "டிலாவுக்கு என்னப்பா? படிப்புக் கூடிப்போச்சோ?" என்று என்னைத்தான் கேட்டார். "இருக்கும்" என்றேன். பழைய கொயிலிலேயே ஊதி ஊதி இருமினார்.

அதற்கு அடுத்த ஞாயிறு பேப்பரைத் தானே விரித்து, மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒரு றப்பர் வளையத்தோடு மல்லுக்கட்டினார். அது உருண்டு மேசைக்குக் கீழே போனது. பெரிய உடம்போடு முழங்காலில் நின்று தேடினார். பார்க்க ஏலாமல் போனேன்.

"தாருங்கோ, நான் செய்துதாறன்."

இந்த வேலைக்கு மகள்தான் வேண்டுமா, எனக்குக் கை இல்லையா என்ற எண்ணமும் கூடவே இருந்தது. ராங்கைப் பாத்திரம் கழுவுகிற சோப்பால் தேய்த்துப் பளபளவென்று கழுவினேன். துடைத்து, வளையங்களை இருத்தினேன். டப்பாவில் மகள் காயவைத்திருந்த கொயில் கிடந்தது, அதைப் பூட்டினேன். தண்ணி விட்டு மூடி, உடனே அவர் கையில் கொடுத்தேன். மகள் செய்தால் பத்து நிமிடம் இழுக்கிற வேலை, நான் எவ்வளவு கெதியாக முடித்தேன் என்று காட்ட வேண்டும் எனக்கு.

அவர் ஆசையோடு இழுத்தார். அடுத்த நொடி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமத் தொடங்கினார். கண்ணில் தண்ணி வழிந்தது. கருகின பஞ்சின் நாற்றம் சமையலறை முழுக்கப் பரவியது.

"எரிஞ்சு போச்சு. பஞ்சு ஊற விடேல்லையோ நீ?"

"ஊற விடுறதெண்டால்?"

"தண்ணி விட்டாப்போல பத்து நிமிசம் வைக்கோணும். காய்ஞ்ச பஞ்சு குடிக்கோணுமெல்லோ. டிலா வைக்கிறவள்."

அந்தப் பத்து நிமிடம் கதைப்பதற்கென்று அவர்கள் களவாக எடுத்துக்கொண்ட நேரம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அது வேலையின் ஒரு பங்கு. எனக்கு அது தெரியாமல் போனதற்குச் சாட்டுச் சொல்லவும் முடியாது. பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் ஜாம் போத்தல் விளக்கில் படித்தவள் நான். போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, அதன்மேல் அளந்து விட்ட மண்ணெண்ணெய், சைக்கிள் வால்வுக்குள் ஒரு திரி. திரி ஊற முன்னம் கொளுத்தினால் கருகும் என்று அந்தக் காலத்துப் பிள்ளைக்கு ஒருத்தரும் சொல்லித்தரத் தேவையில்லை. இரண்டரை வருடமாக அந்த மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றவள், மேசையில் இருந்ததைப் பார்க்கவில்லை, இருந்தவர்களைத்தான் பார்த்திருக்கிறேன்.

மாற்றுவதற்கு வேறு கொயில் இல்லை. இவர் ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். பால் வாங்கப் போனேன் என்று வந்து சொன்னார். பாலும் வாங்கித்தான் வந்தார்.

8

புதன்கிழமை அந்த ஜக்கெற்றைத் துவைக்க எடுத்தபோது பையில் சிகரெட் பெட்டி இருந்தது. பாதி முடிந்திருந்தது.

அதை எடுத்து என் உடுப்புப் பைக்குள் வைத்தேன். பிறகு கொப்பியை எடுத்துக்கொண்டு மகளின் அறைக்குப் போனேன்.

"பிள்ளை, அப்பா ஒரு பிழையும் செய்யேல்ல."

"அம்மா, நீங்கள் அவருக்காகக் கதைக்க வேண்டாம்."

"ஊறப்போடுறதுக்குப் பிரெஞ்சில என்ன?"

சொன்னாள். கொப்பியைத் திறந்து, நான் எழுதி வைத்திருந்ததைக் காட்டினேன். வகுப்பில் சொன்ன நாலு வசனத்தையும் அப்படியே திரும்பச் சொன்னேன். அவளுக்கு ஒரு நிமிடம் எடுத்தது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், கட்டிலில் விழுந்து சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

"உங்களுக்கு எப்ப தெரியும்?"

"போன சனிக்கு முதல் சனி. ரீச்சர் சொன்னவ."

அவள் விரலால் எண்ணினாள். "பதினொரு நாள். நான் அன்ரி கதை சொல்லேக்க தெரியுமோ?"

"தெரியும்."

"தெரிஞ்சுகொண்டு கேட்டுக்கொண்டு இருந்தனீங்களோ? ஏன் சொல்லேல்ல?"

"நீ என்னோட கதைச்சாய் பிள்ளை. அதுதான்."

"ஜலூஸ்" என்றாள். பொறாமைக்குப் பிரெஞ்சு அது என்று எனக்குத் தெரியும். ஓம் என்றேன். அவள் எழுந்து அப்பாவிடம் போனாள். கூடத்தில் அவள் அழுகிற சத்தமும், இவர் "என்ன பிள்ளை, என்ன பிள்ளை" என்று பதறுகிற சத்தமும் கேட்டது.

கொஞ்சத்தால் இவர் சமையலறைக்கு வந்தார். ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். கதிரையை இழுத்து இருந்தார்.

"பிள்ளை என்னைப் பிழையா நினைச்சதில எனக்குக் கோபம் இல்ல ஜெசி. அவளுக்குத் தெரியாது. ரெண்டு கிழமையா அவள் என்ர முகத்தைப் பாக்கேல்ல. நான் என்ன செய்தனான் எண்டு படுக்கையில கிடந்து யோசிச்சனான். நீ அதைப் பாத்துக்கொண்டு இருந்தனி."

சிகரெட் பெட்டியை நான் மேசையில் வைத்தேன். அவர் அதை எடுத்து நசித்துக் குப்பையில் போட்டார். சிகரெட்டை விட்ட கணக்கு இனி அந்தக் கார்த்திகைப் புதனிலிருந்துதான் என்று மகள் சொல்லிவிட்டாள். மன்னிப்புக் கேட்டேன், இருவரிடமும். "சரி" என்றார்கள், இருவரும்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் அவர்களை முன்னே அனுப்பினேன். கோயில் மண்டபத்தில் கதிரை அடுக்க ஆள் இல்லை, நீங்கள் போங்கோ என்றேன். கதிரை அடுக்க ஆட்கள் தாராளமாக இருந்தார்கள். நான் மூன்று கதிரைதான் அடுக்கினேன். பிறகு வேண்டுமென்றே நடந்தே வந்தேன். குளிர் காதைக் கடித்தது. இப்போது கழற்றியிருப்பார்கள், இப்போது அலசியிருப்பார்கள் என்று வழி முழுக்க என் மனம் அந்த மேசையில்தான் இருந்தது. விட்டுக்கொடுத்தால் எரிவு குறையும் என்று யாராவது உங்களுக்குச் சொன்னால் நம்ப வேண்டாம். கூடத்தான் எரிந்தது.

மூன்றாம் மாடிக்கு ஏறி வந்து சாவியை எடுத்தேன். உள்ளே மகள் ஏதோ சொல்கிறாள், இவர் பிழையாகத் திருப்பிச் சொல்கிறார். என் பெயரும் அடிபட்டது, அந்தத் துரோம்பேயும் அடிபட்டது. என்னை வைத்துத்தான் பகிடி. நான் கதவைத் திறந்தால் நிற்கும் என்று எனக்குத் தெரியும். படியில் இருந்தேன். மேல்வீட்டு ஹெயிட்டிக்காரி சாமான் பைகளோடு ஏறி வந்தவள், சாவி தொலைந்துவிட்டதா என்று பிரெஞ்சில் கேட்டாள்.

"நோ மடாம். ஜாத்தான்" என்றேன். இல்லை, காத்துக்கொண்டிருக்கிறேன்.

அவள் தலையை ஆட்டிவிட்டு மேலே போனாள். உள்ளே இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பத்து நிமிடம் எப்போதோ முடிந்திருக்கும். சிரித்து முடியட்டும் என்று படியிலேயே இருந்தேன்.